சிவப்பு ஜன்னலைப் பார்க்கணும்

இப்போதெல்லாம் யாரும் எதையும் நேரில் பார்ப்பதில்லை. பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனாலும் முதலில் போனைத்தான் தூக்குகிறார்கள், குழந்தை அதற்கப்புறம். எதிரே ஆள் நிற்கும்போது ஆளை விட்டுவிட்டு, திரையில் தெரிகிற ஆளிடம் பேசுகிறார்கள். கேட்டால் வசதி என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் வசதிதான். புத்திக்குத்தான் வசதியில்லை.

அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலில் நின்றுகொண்டு பூட்டுக்காரர் இப்படித்தான் பொருமிக்கொண்டிருந்தார். காவலாளி தலையை நிமிர்த்தவே இல்லை.

"திரையைப் பாருங்க பெரியவரே. மூஞ்சி பதிவாகணும்."

"நான்தான் உன் முன்னாடியே நிக்கிறேனே. என்னைப் பார்க்கக்கூடாதா?"

"ரூல்ஸ்."

பார்த்தார். திரையில் ஒரு கிழவன் முறைத்தான். கன்னத்தில் பூட்டு எண்ணெய்க் கறை. பூட்டுக்காரர் கையைத் தூக்கித் துடைத்தார். கறை அசையவில்லை.

"மாமா, அந்தக் கன்னம் இல்ல, இந்தக் கன்னம்" என்றான் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை. "அது கண்ணாடி இல்ல, கேமரா. எதிர்ல நிக்கிறவன் உங்களைப் பார்க்கிற மாதிரி காட்டும். இடது வலதாத் தெரியும்."

"என் மூஞ்சியைத் துடைக்க எனக்கே ஆள் சொல்லணுமா? கிடக்கட்டும் போ."

பூட்டுக்காரர் படித்தது ஐந்தாவது. நாற்பது வருஷம் ஊரார் பூட்டைத் திறந்தவர். பூட்டுக்கும் பொய்க்கும் பெரிய வித்தியாசமில்லை என்பது அவர் கட்சி. இரண்டையும் உடைக்கக் கூடாது. காது கொடுத்துக் கேட்டால் தானே திறக்கும். இப்படித்தான் போலீஸ்காரர்கள் முதலில் பூட்டுக்கும் பிறகு பொய்க்கும் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன். கெட்டுப்போன டிவியை இப்போது ஜனங்கள் ரிப்பேர் பண்ணுவதில்லை, தூக்கி எறிகிறார்கள். கடை போயிற்று. வாய் மட்டும் மிச்சம். அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது.

வாசலில் ஒரு பெரிய பலகை: 'உலகிலேயே சக்தி வாய்ந்த டெராஹெர்ட்ஸ் கதிர் நம் கூடத்தில்!' நடுவில் புரொபசரின் முகம், ஒரு ஆள் உயரத்துக்கு. ஓரத்தில், பலகையின் சட்டம் பாதி காதை வெட்டிவிட்ட நிலையில், ஒரு பெண்ணின் முகம். இருபத்தொன்பது வயது. நேற்று மத்தியானம் கீழ்த்தளத்து காஸ் அறையில் பிணமாகக் கிடந்தவள் அவள்தான்.

பலகைக்குக் கீழே ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். கைது செய்யப்பட்ட சிலிண்டர்காரனின் மனைவி. காலையில் பூட்டுக்காரர் வீட்டுக் கதவைத் தட்டியவள். அழுது முடித்துவிட்டாள் போலிருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தாள்.

"உட்காரும்மா. இன்னும் ஒண்ணும் நடக்கல" என்றார் பூட்டுக்காரர்.

காவலர் அறையில் இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைக் காட்டினார். "இப்ப மணி மூணு. நடந்ததைக் காட்டச் சொல்லித்தான் இவனை இங்க கூட்டிட்டு வந்தேன். அஞ்சு மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோயிடுவேன். கொலைன்னு எழுதியாச்சு. அதுவரைக்கும் என்ன வேணாலும் கேளுங்க."

சிலிண்டர்காரன் பெஞ்சில் இருந்தான். சிலிண்டர் சுமந்த தோள். கை இரண்டையும் தொடைக்கு அடியில் சொருகி வைத்திருந்தான்.

"நேத்து என்ன பண்ணின?"

"லாரி வந்துச்சு ஐயா. பதினோரு மணியிலிருந்து பதினொண்ணே முக்கால் வரைக்கும் டிரைவரோட சேர்ந்து சிலிண்டர் இறக்கினேன். அவர் கையெழுத்து இருக்கு."

"அப்புறம்?"

"பின்னாடி ஷெட்ல உட்கார்ந்திருந்தேன். தனியா."

"யாராவது பார்த்தாங்களா?"

"தனியாத்தானே ஐயா இருந்தேன்."

"தனியா இருந்ததுக்கும் சாட்சி வேணுமாம் மாமா" என்றான் மாப்பிள்ளை. "இனிமே கக்கூசுக்குக் கூட ஆளோட போகணும்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "விஷயம் எளிசு. சின்னக் கட்டடம். நாலே பேர். செத்த பொண்ணு, அவ தோழி, புரொபசர், இவன். தோழி பல் டாக்டர்கிட்ட இருந்தா. பன்னெண்டரைக்குத் திரும்பி வந்தவதான் பிணத்தைப் பார்த்தா. காஸ் ரூம் கதவு வெளியில தாழ் போட்டிருந்தது. உள்ளே குழாய் மாட்டாத நைட்ரஜன் சிலிண்டர் ஒண்ணோட வால்வு திறந்திருந்தது. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. மூச்சு முட்டுதுன்னு தெரியறதுக்குள்ளே ஆள் விழுந்துடும்."

"எப்ப செத்தா?"

"பதினொண்ணு அம்பதுக்குக் கம்ப்யூட்டர்ல ஒரு அளவு எடுத்திருக்கா. மணி பதிவாகியிருக்கு. ஆக, அப்ப உயிரோட இருந்தா. புரொபசர் பன்னெண்டு மணிக்கு மீட்டிங்ல பத்துப் பேரோட உட்கார்ந்திருந்தார். மீட்டிங் நடந்தது வேற கட்டடம், நடக்கவே பத்து நிமிஷம். அப்ப மிச்சம் யாரு? இவன். முந்தாநாள் அந்தப் பொண்ணு இவனைத் திட்டியிருக்கா, வால்வை ஒழுங்கா மூடறதில்லன்னு."

"நேத்து மூடினியா?" என்றார் பூட்டுக்காரர்.

"மூடினேன் ஐயா. மூடினேன். சத்தியமா மூடினேன்."

வெளியே வந்ததும் மாப்பிள்ளை கேட்டான்: "என்ன மாமா, நம்புறீங்களா?"

"உண்மையை ஒருதரம் சொன்னாப் போதும். மூணு தரம் சொல்றவன் தனக்கே சொல்லிக்கிறான்."

"அப்ப இவன்தானா?"

"வாயைத் திறந்ததும் பூட்டும் திறந்துடுமா? நட."

*

லேபுக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். தூசி ஆகாதாம். சுவரோரம் ஒரு ஜோடிப் பெண் செருப்பு இருந்தது. இடது வார் அறுந்து, கறுப்பு நூலால் தைத்திருந்தது. யாரும் எடுக்கவில்லை. போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியவள் இன்னொரு வழியாகப் போய்விட்டாள். பூட்டுக்காரர் தன் செருப்பைக் கொஞ்சம் தள்ளியே விட்டார்.

உள்ளே நாலு பக்கமும் கறுப்பு. சுவர் கறுப்பு, திரை கறுப்பு. நடுவில் கட்டில் அகலத்துக்கு ஒரு இரும்பு மேஜை. அதன்மேல் பொட்டுப் பொட்டாகக் குட்டிக் கண்ணாடிகள். எதிர்ச் சுவரில் ஒரு கேமரா. அதன் வயரை நேற்றே போலீஸ் பிடுங்கியிருந்தது. இறந்தவளின் தோழி, தடித்த கண்ணாடி போட்ட பெண், வீங்கிய தாடையோடு நின்றாள். வீக்கம் பல்லால், கண் சிவந்தது அதனால் இல்லை.

"இங்க என்னம்மா செய்யறீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. உனக்குப் புரியற மாதிரி வேண்டாம்."

அவள் மேஜையின் நடுவிலிருந்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள். அதற்குள் நாணயம் அளவு ஒரு சில்லு. அதை அணைத்தாற்போல் சோப்புக் கட்டி அளவு ஒரு காந்தம்.

"இந்தச் சில்லு மேல மூணு உலோகப் பூச்சு இருக்கு ஐயா. தலைமுடியை நீளவாக்குல பத்தாயிரமாக் கிழிச்சா எவ்வளவு மெல்லிசோ, அவ்வளவு மெல்லிசு. நடுவுல இருக்கிறது காந்தத்துக்குக் கட்டுப்படும். ரெண்டு பக்கமும் இருக்கிறது கட்டுப்படாது. லேசர் ஒரு அடி அடிக்கும். கண் இமைக்கிற நேரத்தை லட்சம் கோடித் துண்டாப் போட்டா அதுல ஒரு துண்டு நேரம். நடுப் பூச்சுல இருக்கிற எலக்ட்ரான் எல்லாம் பம்பரம் மாதிரி ஒரே பக்கமாச் சுத்திக்கிட்டுப் பக்கத்துப் பூச்சுக்குத் தாவும். தாவினதும் சடார்னு பக்கவாட்டுல திரும்பும். அந்தத் திருப்பத்துலதான் அலை கிளம்புது. ரேடியோ அலைக்கும் வெளிச்சத்துக்கும் நடுவுல ஒரு ஜாதி, வாசல் பலகையில போட்டிருக்கிற டெராஹெர்ட்ஸ் இதுதான். துணி, காகிதம் எல்லாம் ஊடுருவிப் போகும்."

"எந்தப் பக்கமாச் சுத்தணும்னு யார் சொல்றது?"

"காந்தம்."

"புரிஞ்சுது மாமா" என்றான் மாப்பிள்ளை. "அத்தை எந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்புறாங்களோ, அதைப் பார்த்துட்டு நீங்க எந்தப் பக்கம் ஓடணும்னு முடிவு பண்ணுவீங்கல்ல? அதேதான்."

"நைட்ரஜன் எதுக்கு?"

"ஈரக்காத்து அந்த அலையைத் தின்னுடும். அதனால பெட்டிக்குள்ள நைட்ரஜனை நிரப்பிடுவோம்."

"கண்ணுக்குத் தெரியாத கதிர். மூக்குக்குத் தெரியாத காத்து." பூட்டுக்காரர் சுற்றிப் பார்த்தார். "பொய் சொல்றதுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது."

அலமாரியில் ஒரு தடித்த கட்டு. அளவு எடுக்கும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரில் ஒரு கோடு எழுமாம். எல்லோரும் திரையிலேயே பார்த்துவிட்டுப் போவார்கள். இறந்தவள் மட்டும் ஒவ்வொன்றையும் அச்செடுத்துக் கோத்து வைத்திருந்தாள். "'காகிதத்துல பார்த்தாத்தான் நம்புவேன்'னு சொல்வா" என்றாள் தோழி. நேரில் பார்க்காத அந்தப் பெண்ணைப் பூட்டுக்காரருக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. பிடித்து என்ன செய்ய?

எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மூன்று வருஷத்துத் தாள். நானூற்றுப் பன்னிரண்டு படம். மாப்பிள்ளை கொட்டாவி விட்டான். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றே முக்கால்.

"கடைசியா எடுத்த படம் எங்கே?"

"அது என் ஃபைல்ல இருக்கு. நாங்கதான் அச்செடுத்தோம்" என்று இன்ஸ்பெக்டர் நீட்டினார்.

பூட்டுக்காரர் அதை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் பழைய தாள் ஒன்று. அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. விரலால் கோட்டின்மேல் நடந்தார்.

"எல்லாத்துலயும் முதல்ல மலை, அப்புறம் பள்ளம். இதுல மட்டும் முதல்ல பள்ளம், அப்புறம் மலை."

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தான். கொட்டாவி பாதியில் நின்றது. "அட! அலை சிரசாசனம் பண்ணுது."

"ஆமா ஐயா, நானும் கவனிச்சேன்" என்றாள் தோழி சாதாரணமாக. "காந்தம் திரும்பியிருந்தா அலை தலைகீழா வரும். அது பெரிய விஷயமில்ல. கணக்குல ஒரு மைனஸ் போட்டா நிமிர்ந்துடும்."

"மைனஸ் போட்டு நிமிர்த்திடுவீங்களா?"

"எப்பவும் அப்படித்தான்."

"அம்மா, என் தொழில்ல சாவி தலைகீழாச் சொருகியிருந்தா முதல்ல நிமிர்த்த மாட்டோம். சொருகினது யாருன்னு கேட்போம்."

அவள் மெதுவாகப் பெட்டியருகே போய்க் குனிந்தாள். காந்தத்தின் ஒரு முனையில் சிவப்புப் பொட்டு.

"இது சிலிண்டர் அண்ணன் வச்ச பொட்டு. அவர் சம்சாரத்தோட நகச்சாயம். ஆரம்பத்துல நாங்க மாத்தி வச்சுடுவோம்னு அவர்தான் வச்சுக் கொடுத்தார். 'சிவப்பு ஜன்னலைப் பார்க்கணும்'. இந்த லேப்ல அதுதான் வேதம். அதுக்கப்புறம் மூணு வருஷத்துல அவ ஒருதரம் கூட..." மறுபடி குனிந்து பார்த்தாள். "இப்ப சிவப்பு சுவரைப் பார்க்குது ஐயா. ஜன்னலுக்கு முதுகைக் காட்டுது."

"ஜன்னல் எங்கே இருக்கு இங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேஜைக்கு முன்னால் நின்றால் வலது கைப்பக்கம் ஒரு கறுப்புப் பலகை. அதைத் தட்டினாள். "இதுக்குப் பின்னாடி. வெளிச்சம் ஆகாதுன்னு அடைச்சு வச்சிருக்கோம். உள்ளே வேலை செய்யறவங்களுக்குத்தான் தெரியும்."

"அவசரத்துல மாத்தி வச்சிருப்பா" என்றார் இன்ஸ்பெக்டர். "இதையெல்லாம் வச்சு ஒருத்தனை விட முடியுமா?"

"சரி. ஆனா காந்தத்தை எதுக்குக் கழட்டணும்? நல்லா ஓடற வண்டியில சக்கரத்தைக் கழட்டி மாட்டுவாங்களா?" பூட்டுக்காரர் தோழியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். "சொல்லும்மா. அவ இனிமே வந்து சொல்ல மாட்டா. அஞ்சு மணிக்கு இன்னொருத்தன் போயிடுவான்."

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நேத்துக் காலையில சொன்னா. 'இன்னைக்குக் காந்தத்தை எடுத்துட்டு அளந்து பார்க்கப் போறேன்'னு. காந்தம் இல்லேன்னா எலக்ட்ரானெல்லாம் ஆளுக்கொரு பக்கமாச் சுத்தும். ஒண்ணை ஒண்ணு அடிச்சிட்டு அலையே வராது. சக்தி அளக்கிற மீட்டர்ல முள் பூஜ்யத்துக்கு வரணும். வரலேன்னா..."

"வரலேன்னா?"

"நாங்க உலகத்துக்கே பெரிசுன்னு சொன்ன சக்தி அலையோடது இல்ல. லேசர் பட்டுச் சில்லு சூடாகுதே, அந்தச் சூட்டைத்தான் மீட்டர் காட்டியிருக்கு. அலை நிஜமாவே வருது ஐயா. ஆனா சொன்னதுல பத்துல ஒரு பங்கு கூடக் கிடையாது."

"சாவியை உருவின பிறகும் உறுமல் நிக்கலேன்னா, அது வண்டியோட உறுமல் இல்ல" என்றான் மாப்பிள்ளை. இந்த முறை அவன் குரலில் வேடிக்கை இல்லை.

வாசலில் பார்த்த பலகை பூட்டுக்காரரின் நினைவுக்கு வந்தது. ஒரு ஆள் உயர முகமும், பாதிக் காது வெட்டுப்பட்ட முகமும்.

*

புரொபசரின் அறை மாடியில். மேஜைமேல் ஒரு திரை, கறுத்துக் கிடந்தது. அவர் எழுந்து வந்து கை கொடுத்தார். நல்ல வார்த்தையாக நாலு சொன்னார். மகள் மாதிரி என்றார். ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார். அச்சடித்த மாதிரி இருந்தது.

"நேத்து லேபுக்குப் போனீங்களா சார்?"

"இல்லை. நான் உள்ளே போய் மூணு வருஷம் ஆச்சு. எல்லாத்தையும் இந்தத் திரையிலேயே பார்த்துக்குவேன். கேமரா காட்டும், பதிவு பண்ணாது."

ஒரே தரம்தான் சொன்னார். கண் கூட இமைக்கவில்லை. பூட்டுக்காரருக்குத் தன் கணக்கின்மேலேயே சந்தேகம் வந்தது.

புரொபசரின் நாற்காலிக்கு நேர் எதிரே, தலையைத் தூக்கினால் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. அந்தக் கேமரா பிடித்த படம். இரும்பு மேஜை, கண்ணாடிப் பெட்டி, சில்லு, காந்தம். காந்தத்தில் சிவப்புப் பொட்டு.

பொட்டு படத்தில் இடது பக்கம் இருந்தது.

பூட்டுக்காரரின் கை தானாகத் தன் கன்னத்துக்குப் போயிற்று. அந்தக் கன்னம் இல்லை, இந்தக் கன்னம்.

"சார், எனக்குப் படிப்பு அஞ்சாவது. அந்தக் காந்தம் எப்படி உட்காருதுன்னு அந்தப் பொண்ணு சொன்னா, மண்டையில ஏறல. கீழே வந்து ஒருதரம் வச்சுக் காட்டினீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

"அதை என் மாணவியே..."

"அவ இன்னைக்கு எல்லாத்துக்கும் அழறா சார்" என்றான் மாப்பிள்ளை. "எங்க மாமா புரியாம வீட்டுக்கு வந்தா ராத்திரி பூரா என்னைத் தூங்க விடமாட்டார். புண்ணியமாப் போகும்."

புரொபசர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலரை. சிரமப்பட்டுப் புன்னகை செய்தார். "வாங்க."

லேபில் இன்ஸ்பெக்டர் ஒரு மூலையில் நின்றார். தோழி இன்னொரு மூலையில். காந்தத்தை எடுத்துத் தனியே வைத்திருந்தார்கள். புரொபசர் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். காந்தத்தை எடுத்தார். தயங்கவே இல்லை. பெட்டிக்குள் வைத்து அழுத்தினார்.

சிவப்புப் பொட்டு இடது பக்கம்.

"சரியா வச்சாச்சா சார்?"

"இதுல என்ன சந்தேகம்? எப்பவும் இப்படித்தான் இருக்கும்."

"ஜன்னல் எந்தப் பக்கம்?"

"எந்த ஜன்னல்?" புரொபசர் சுற்றிலும் பார்த்தார். கறுப்புச் சுவர், கறுப்புத் திரை. "இந்த ரூம்ல ஜன்னலே கிடையாதே."

தோழி நடந்து வலது பக்கம் போனாள். கறுப்புப் பலகையின் கொக்கியை விடுவித்து இறக்கினாள். சாய்வெயில் உள்ளே விழுந்து, மேஜைமேல் இருந்த அத்தனை குட்டிக் கண்ணாடிகளிலும் ஒரே நேரத்தில் எரிந்தது. புரொபசர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"இங்க வேலை செஞ்சவங்க மூணே பேர்" என்றார் பூட்டுக்காரர். "செத்தவ, இந்தப் பொண்ணு, சிலிண்டர்காரன். மூணு பேருக்கும் சிவப்பு ஜன்னலைப் பார்க்கணும். நீங்க ஒருத்தர்தான் எதிர்ச் சுவத்துக் கேமரா வழியாப் பார்த்தவர். அங்க இருந்து பார்த்தா வலது இடதாத் தெரியும். மேல படத்துல சிவப்பு இடது பக்கம். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகி, நேத்து உள்ளே வந்து, அப்படியே இடது பக்கம் வச்சுட்டீங்க. அலை தலைகீழா வந்துச்சு."

"இது... இது ஒரு சாதாரண..."

"அவ காந்தத்தைக் கழட்டிட்டா. அது வெளியில கிடந்தா அவ என்ன கண்டுபிடிச்சான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அதனால நீங்க திருப்பி மாட்டினீங்க. மாட்டிட்டு, அவ கம்ப்யூட்டர்லயே ஒரு அளவு எடுத்தீங்க. பதினொண்ணு அம்பது. அப்பவே அவ செத்தாச்சு. செத்தவளைக் கொஞ்ச நேரம் உயிரோட உட்கார வச்சுட்டு, நீங்க மீட்டிங்குக்குப் போயிட்டீங்க. அவ முன்னாடியே செத்ததாத் தெரிஞ்சா சிலிண்டர்காரன் மேல பழி விழாது, அப்ப அவன் லாரி டிரைவர் பக்கத்துலதானே நிக்கிறான்?"

இன்ஸ்பெக்டர் மூலையை விட்டு வந்தார். புரொபசர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். அச்சடித்த வார்த்தையெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

"பதினொண்ணே காலுக்கு என் ரூமுக்கு வந்தா. முள் இறங்கலை சார்னா. எல்லாருக்கும் எழுதிடலாம் சார், நாமளே சொல்லிட்டா மரியாதைன்னா. இருபது வருஷம்... இருபது வருஷத்து மரியாதையை ஒரு காந்தத்தைக் கழட்டிக் காட்டினா. பெட்டிக்குப் போற நைட்ரஜனை நிறுத்த காஸ் ரூமுக்குள்ள போனா. நான் பின்னாலயே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். யோசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் வேணும். அவ்வளவுதான். தட்டினா. சார் சார்னு தட்டினா. அப்புறம் தட்டலை."

"தட்டாதப்ப என்ன நினைச்சீங்க?"

"கோபத்துல உட்கார்ந்திருக்கான்னு நினைச்சேன்."

தோழி வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"திறந்து பார்த்தப்ப தரையில கிடந்தா. பயந்துட்டேன். மறுபடி தாழ் போட்டேன்." புரொபசர் நிமிர்ந்து பூட்டுக்காரரைப் பார்த்தார். "ஆனா வால்வை நான் தொடலை. அது திறந்திருக்கும்னு எனக்குத் தெரியாது."

அதையும் ஒரே தரம்தான் சொன்னார்.

*

ஐந்து மணிக்கு ஜீப் கிளம்பிற்று. அதில் போனது வேறு ஆள். சிலிண்டர்காரன் வாசலுக்கு வந்தான். அவன் மனைவி எழுந்து ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் நகங்களில் சிவப்புச் சாயம் பாதி உதிர்ந்து, திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"உங்க நகச்சாயம்தான்மா உங்க வீட்டுக்காரரைக் காப்பாத்துச்சு" என்றான் மாப்பிள்ளை. "எங்க வீட்டுலயும் வாங்கி வைக்கச் சொல்றேன்."

அவள் சிரித்தாள், அழுதாள். சிலிண்டர்காரன் பூட்டுக்காரரின் காலில் விழ வந்தான். அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். நிறுத்தியவர் கையை எடுக்கவில்லை.

"லாரிக்குப் போறதுக்கு முன்னாடி வால்வை மூடினியா?"

மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மூடினேன் ஐயா. மூடினேன். மூடினேன்."

பூட்டுக்காரர் கையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

"மாமா, அவர் தாழ் போட்டார்னு அவரே ஒத்துக்கிட்டார். அப்புறமும் என்ன?" மாப்பிள்ளை பின்னாலேயே வந்தான். "உங்க மூணு தரம் கணக்கு இன்னைக்குப் பொய்யாயிடுச்சு. லேபுக்குள்ள போகலைன்னு அந்த ஆள் ஒரே தரம்தானே சொன்னார், அது பச்சைப் பொய்யில்ல? பயந்தவன் உண்மையையும் மூணு தரம் சொல்லுவான்."

"சொல்லலாம்."

"அப்ப மூடியிருப்பான்."

"மூடியிருந்தா திறந்தது யாரு? உள்ளே இருந்து அவளேவா? மூட வந்தவ திறப்பாளா? தாழ் போடறதுக்கு முன்னாடி அவர் திறந்திருக்கலாம். அவர் இல்லேங்கிறார். இவன் மூடினேங்கிறான். ரெண்டுல ஒருத்தன் சொல்றது பொய். ரெண்டு பேருக்கும் தான் சொன்னது பொய்யாயிடக் கூடாது."

"அதுக்கு சாட்சி யாரு?"

"அவ ஒருத்தி இருந்தா. எதையும் காகிதத்துல பார்க்காம நம்பாதவ."

வாசலில் காவலாளி தலை நிமிராமல் திரையைக் காட்டினான். வெளியே போகும்போதும் மூஞ்சி பதிவாக வேண்டுமாம். பூட்டுக்காரர் பார்த்தார். கிழவன் முறைத்தான். எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. இந்த முறை சரியான கன்னத்தைத்தான் துடைத்தார். காலையில் பட்ட கறை, காய்ந்துவிட்டது. போகவில்லை.

"எண்ணெய் போட்டுத் தேய்ச்சா போயிடும் மாமா."

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அவர் தெருவில் இறங்கி நடந்தார்.